பிடி அரிசிப் பானை

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம் வர வேண்டிய மாப்பிள்ளை, அந்த வாரம் பிறந்ததுமே வாசலில் வந்து நின்றான். அவனைப் பார்த்ததும் மேரிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அடுத்து வந்தது அரிசி ஞாபகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை.

"வாங்க மாப்ள, உள்ள வாங்க. இன்னா இப்டி தொப்பலா நனஞ்சிகினு வந்துகீறீங்க?"

"மாவலிபுரத்துல எறங்கி நடந்தே வந்துட்டோம் அத்தே. கால்வாயில தண்ணி பெருசா ஓடுது, ஓடம் வுடமாட்டேன்ட்டான். சுத்திகினு வந்தோம்" என்றான் ராஜேந்திரன். "கம்பெனில லீவு குடுத்தாங்க. வர்றதுதான் வர்றோம், நாலு நாளு சேத்து இருந்துட்டுப் போலாம்னு மார்கரெட்டு சொல்லிச்சு."

மார்கரெட் தலையைத் துவட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் முகத்தைப் பார்க்காமல் விட்டது மேரியின் தப்பு. பார்த்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

ராஜேந்திரன் செங்கல்பட்டில் ஒரு பஸ் கம்பெனியில் கிளீனர். டிக்கெட் கொடுக்கிற ஆளும் இல்லை, வண்டி ஓட்டுகிற ஆளும் இல்லை. மூட்டையை மேலே ஏற்றி, கண்ணாடியைத் துடைத்து, வண்டி பின்னால் வரும்போது கையால் தட்டி 'ரைட்' சொல்கிறவன். ஆனால் காக்கிச் சட்டை போட்டிருந்தான். சவுக்குத் தோப்பில் மரம் வெட்டியும், அறுப்புக் காலத்தில் அடுத்தவன் களத்தில் கதிர் அடித்தும் தேய்ந்துபோன அந்தக் கால்வாய்க்கரைச் சேரிக்கு, காக்கிச் சட்டை என்றால் கலெக்டருக்கு ஒரு படி கீழே. வைகாசியில் கல்யாணம் நடந்தபோது சேரியே வாய் பிளந்து பார்த்தது. மேரிக்கு அன்றைக்குத் தூக்கிய தலை இன்னும் இறங்கவில்லை.

இது தலைக் கிறிஸ்துமஸ். மாப்பிள்ளை மாமியார் வீட்டில் பண்டிகை கொண்டாட வேண்டும், கோடி வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போக வேண்டும், வயிறு நிறையச் சோறு தின்ன வேண்டும். சின்னையனும் மேரியும் ஆடி மாதத்திலிருந்தே இதற்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். வேட்டியும் சட்டைத் துணியும் திருக்கழுக்குன்றத்தில் எடுத்தாகிவிட்டது. ஒரு சேவலைக் குஞ்சு பொரிந்த நாளிலிருந்து கண்ணும் கருத்துமாக வளர்த்தாகிவிட்டது. வெல்லம் வாங்கி எறும்பு ஏறாமல் உறியில் கட்டியாகிவிட்டது. அரிசியும் இருந்தது, பண்டிகைக்கு முதல் நாள் ராத்திரிக்கும் பண்டிகைப் பகலுக்கும். அதற்கு மேல் ஒரு வேளைக்குக் காணாது. அது அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்துப் போட்ட மறு வருஷம். கடையில் அரிசி தாராளமாகத்தான் கிடந்தது. அதை வாங்குகிற கைதான் இல்லை.

மழை வேறு பிடித்துக்கொண்டது. தோப்பில் வெட்டிய சவுக்குக் கட்டை கரையில் மலையாகக் குவிந்து கிடந்தது. பட்டணத்துக்கு ஏற்றிப் போக வேண்டிய படகு, கால்வாயில் வெள்ளம் என்று வரவில்லை. படகு வந்தால்தான் கட்டை போகும், கட்டை போனால்தான் கூலி. சேரி முழுக்கக் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைக்குக் கூழ் ஊற்ற முடியுமா? அன்று ராத்திரியே பண்டிகை அரிசியில் உலை ஏறியது.

சின்னையன் ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போய்க் கால்வாயில் நண்டு பிடித்து வந்தான். நண்டுக்குக் காசு இல்லை, முதுகு வளைந்தால் போதும். மேரி மிளகாயும் பூண்டும் வைத்து அரைத்துக் குழம்பு கொதிக்கவிட்டாள். ராஜேந்திரன் சாப்பிட்டான் பாருங்கள், அப்படியொரு சாப்பாடு. நண்டுக்கால் ஒன்றையும் விடாமல் கடித்து உறிஞ்சி, குழம்பு ஊற்றி ஒரு தரம், ரசம் ஊற்றி ஒரு தரம், வெறும் சோற்றில் உப்புப் போட்டு இன்னொரு தரம். மார்கரெட்டும் சளைக்கவில்லை. பார்க்கப் பார்க்க மேரிக்குப் பெருமை. பானையைப் பார்க்கப் பார்க்கப் பயம்.

மறுநாள் பகலுக்கு மேல் அரிசி இல்லை. மாப்பிள்ளை படுத்த பிறகு சின்னையன் மெல்லக் கேட்டான்.

"நாளைக்கு இன்னாமே பண்றது?"

"அதான் நானும் ரோசன பண்ணிகினு கீறேன்."

"ரெட்டியாரு வூட்ல போயி நின்னு பாக்கட்டா?"

"தை அறுப்புக்கு வருவேன்னு கையெழுத்து போடச் சொல்லுவாரு. அப்பால மாப்ள எதிரிலேயே ஆள அனுப்பிக் கூப்டுவாரு. அந்த அசிங்கம் வாணாம்யா."

"அப்ப கூழு ஊத்தறியா? காக்கிச் சட்டைக்கு?"

"நீ சும்மா படு. எல்லம்மாகிட்ட கைமாத்தா கேட்டு வாங்கியாரேன். அவ வூட்ல கீது."

எல்லம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டிலும் கூழ்தான் கொதித்தது என்பது மேரிக்கு நன்றாகவே தெரியும். வாசனை வந்துகொண்டிருந்தது. ஆனால் சின்னையன் நம்பினான். மேரி சொன்னால் நம்புகிறவன் அவன். அதுதான் அவனிடம் இருந்த ஒரே சொத்து, அதுதான் அவளுக்குப் பாரமாகவும் போனது.

அடுப்புக்குப் பின்னால், மூலையில், வாயில் துணி கட்டி ஒரு பானை இருந்தது. பிடி அரிசிப் பானை. அந்தச் சபையில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் அரிசி களையும்போது ஒரு பிடியை எடுத்து ஆண்டவருக்கென்று தனியாகப் போட்டுவிடுவாள். வருஷம் முழுக்கச் சேர்ந்ததைக் கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கோயிலுக்கு எடுத்துப் போய் வைப்பார்கள். மேரி வீட்டில் அரிசி உலை ஏறுவதே அறுப்புக் காலத்தில்தான். இருந்தாலும் தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் ஒரு நாள் தவறாமல் போட்டிருந்தாள். பானை கழுத்துவரை வந்திருந்தது. அதில் கை வைத்தவர் என்று அந்தச் சேரியில் ஒரு கதைகூடக் கிடையாது. பசியில் பிள்ளை செத்த வீட்டில்கூடப் பானை நிறைந்துதான் இருந்தது.

மேரி துணியை அவிழ்த்தாள். முதலில் இரண்டு கை அள்ளினாள். 'திருப்பிப் போட்டுடறேன் ஆண்டவரே' என்று வாய்விட்டே சொன்னாள். மறு வேளைக்கு அள்ளியபோது மனதுக்குள் சொன்னாள். அதற்கடுத்த வேளைக்கு ஒன்றும் சொல்லவில்லை, படியால் மொண்டாள். ஒவ்வொரு வேளையும் சின்னையன் தட்டுக்கு முன்னால் கண்ணை மூடி, 'இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்' என்று ஜெபம் பண்ணினான். அந்த நேரத்தில் மேரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பண்டிகை அதிரசத்துக்கு மாவு இடித்தபோது, உலக்கை விழுகிற ஒவ்வொரு தரமும் யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்று பயந்தாள்.

பண்டிகைக்கு முதல் நாள் பானையின் அடி தெரிந்தது. மறுநாள் சமையலுக்கு எடுத்து வைத்தது போக நாலைந்து கை அரிசிதான் மிச்சம்.

வெறும் பானையோடு கோயிலுக்குப் போக முடியாது. போகாமலும் இருக்க முடியாது. கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவளே மேரிதான். வருஷா வருஷம் ஆராதனை முடிந்ததும் பானைகளைக் கோயில் பாதிரி ஐயர் வீட்டுக்குத் தூக்கிப் போய் வைப்பதும் அவள்தான். அங்கேதான் அவள் புத்தி வேலை செய்தது. பார்வைக்குப் பானை நிறைந்திருந்தால் போதும். தூக்கிப் போகிற சாக்கில் தன் பானையை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம். தை பிறந்ததும் நிரப்பிக் கொண்டுபோய் வைத்துவிடலாம். ஐயரம்மா எண்ணியா பார்க்கப் போகிறாள்?

முதலில் உமியைப் போடலாம் என்று நினைத்தாள். உமி லேசு, யாராவது நகர்த்தினால் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் கால்வாய்க்கரை மணலை அள்ளிப் போட்டு, மேலே பழைய புடவைக் கிழிசலைப் பரப்பி, அதன்மேல் அரிசியைக் கொட்டிக் கையால் தடவிவிட்டாள். லேசாக இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தவளுக்கு, கனத்தாலும் மாட்டிக்கொள்வோம் என்று தோன்றவில்லை. திருடிப் பழக்கம் இல்லாதவள், வேறென்ன செய்வாள்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு மழை விட்டிருந்தது. தோப்புக்கு மேலே வெயில் வந்து, சவுக்கு ஊசிகளில் தண்ணீர் மின்னியது. சின்னையன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டான். ராஜேந்திரன் கோடி வேட்டியில் நிஜமாகவே மாப்பிள்ளையாகத்தான் இருந்தான். மேரி பானையை இடுப்பில் ஏற்றி வாசலைத் தாண்டவில்லை, அவன் ஓடி வந்தான்.

"குடுங்க அத்தே."

"வாணாம் மாப்ள. புது வேட்டி, அழுக்காயிடும்."

"நான் இருக்கசொல்ல நீங்க தூக்கினு வந்தா ஊரு இன்னா பேசும்? குடுங்க."

"அது பொம்பளைங்கதான் தூக்கறது மாப்ள, வுடுங்க."

"அட குடேம்மே" என்றான் சின்னையன். "ஆசையா கேக்கறாருல்ல."

அவன் வாங்கினான். வாங்கியதும் அவன் கை சட்டென்று தாழ்ந்தது. பஸ் மேல் மூட்டை ஏற்றுகிறவனுக்கு அரிசி எவ்வளவு கனக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கணம் மேரியைப் பார்த்தான். பிறகு பானையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தான்.

கோயில் ஒரு சின்ன ஓட்டுக் கட்டடம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். கீர்த்தனை பாடினார்கள். பிரசங்கம் முடிந்தது. ஐயர் தெற்கத்திக்காரர், அந்த ஆனியில்தான் மாற்றலாகி வந்தவர். பழைய வழக்கம் எதையும் அப்படியே விட்டுவைக்கிற மனிதர் இல்லை. பலிபீடத்துக்கு முன்னால் பெரிய மூங்கில் கூடை ஒன்று இருந்தது.

"இதுவரைக்கும் பானைகள் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. இந்த வருஷம் அப்படி வேண்டாம். அவரவர் கொண்டுவந்ததை அவரவரே இந்தக் கூடையில் கொட்டுங்கள். யார் அரிசி எது என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகட்டும். அதை எடுத்துவைத்து, இல்லாத வீட்டுக்கு நாமே கொடுப்போம்" என்றார்.

மேரி ஆண்கள் பக்கம் திரும்பினாள். எழுந்து ஓடிப்போய்ப் பானையைப் பிடுங்கலாமா என்று பார்த்தாள். அதற்குள் ஐயரின் கண் ராஜேந்திரன்மேல் விழுந்துவிட்டது.

"புது மாப்பிள்ளைதானே? நீங்களே முதலில் வாருங்கள்."

ராஜேந்திரன் பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனான். பாரத்தில் அவன் கழுத்து நரம்பு புடைத்தது. ஐயர் சிரித்துவிட்டார்.

"பாருங்கள், வாலிபப் பிள்ளையாலேயே தூக்க முடியவில்லை. வேலையில்லாத காலத்தில், கூலிக்குப் போகிற ஒரு வீட்டிலிருந்து இவ்வளவு வந்திருக்கிறது. நாம் எல்லோரும் வெட்கப்பட வேண்டும்."

பெண்கள் பக்கம் தலைகள் திரும்பின. எல்லம்மாள் மேரியின் தொடையைக் கிள்ளி, "அடிப்பாவி, எப்படி சேத்த இவ்ளோ?" என்று கிசுகிசுத்தாள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது மேரிக்கு. வாழ்க்கையில் அவளை நாலு பேர் முன்னால் ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

ராஜேந்திரன் சனங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, பானையை மெல்லச் சாய்த்தான். அரிசி விழுந்தது. துணி கையில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். முழங்கை மடங்கிய விதத்தில், அவன் உள்ளங்கையால் பானையின் வாயை அணைத்துப் பிடித்தது மேரிக்குத் தெரிந்தது. ஒரு பொட்டு மணல் கூடையில் விழவில்லை. பானையை நிமிர்த்தி, தோளில் இருந்த துண்டை அதன்மேல் போட்டு மூடிக்கொண்டு, கண்ணைத் தரையில் நட்டபடி திரும்பி வந்தான். அப்போதும் அவன் கழுத்து நரம்பு புடைத்தேதான் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, அடுத்த பானை எழுந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் சின்னையனை ஐயர் நிற்கச் சொன்னார். மேரி யார் முகத்தையும் பார்க்காமல் மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள். சேவல் கொதித்தது. மாப்பிள்ளையைக் காணோம். தேடிப் போனபோது கால்வாய்க்கரையில் உட்கார்ந்து, பானையிலிருந்த மணலைக் கையால் வழித்துத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தான்.

"மாப்ள" என்றாள்.

"வூட்டாண்ட கொட்டுனா தெரிஞ்சிடும்னு இங்க வந்தேன் அத்தே."

"என்ன மன்னிச்சிடுங்க மாப்ள. உங்கள கோயில்ல அத்தினி பேரு எதிரில…"

"நான் துன்னது அந்த அரிசியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"வந்த நாள்லேர்ந்தா?"

"மூணாம் வேளைலேர்ந்து. அது வரைக்கும் வாங்கினது இருந்துச்சு. உங்களுக்குக் கூழு ஊத்த மனசு வரல மாப்ள. பெரிய எடத்துல வேல செய்றவரு, நம்ப வூட்டுக்கு மொத பண்டிகைக்கு வந்துகீறாருன்னு…"

ராஜேந்திரன் கையிலிருந்த மணலை உதறினான்.

"எனக்கு வேல இல்ல அத்தே. மழைல ரோடு அறுத்துக்கிச்சின்னு எங்க வண்டிய ஷெட்ல ஏத்திட்டாங்க, ஐப்பசிலேயே. ஓடசொல்ல கூப்புடறோம்னாங்க. வூட்ல ஒண்ணும் இல்ல. மார்கரெட்டு ரெண்டு நாளா வெறும் தண்ணி குடிச்சிட்டுப் படுத்துச்சு. மாமியா வூட்டுக்குப் போனா சோறு போடுவாங்கன்னு நான்தான் இட்டாந்தேன். லீவுன்னு சொன்னது பொய்."

மேரி கரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

"கூழு ஊத்தியிருந்தாகூட குடிச்சிருப்பேன் அத்தே" என்றான் அவன். "வெக்கமா கீது. மூணு மூணு தபா போட்டுத் துன்னேனே."

மேரி பானையைக் கழுவி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். தன் வெட்கத்தோடு அவன் வெட்கமும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான் நடந்தது. இரண்டு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக வீட்டுக்கு வந்தார்கள்.

இலை போட்டுச் சோறு வைக்கிற நேரத்தில் சின்னையன் குரல் தெருக்கோடியிலேயே கேட்டது. நுழைந்தவன் தலையில் கோயில் கூடை. பானை பானையாக எல்லா வீட்டு அரிசியும் கொட்டி நிறைந்த கூடை. குனிந்து, நிலைப்படியில் இடிக்காமல் உள்ளே வந்து, வீட்டு நடுவில் இறக்கி வைத்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மேரி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"இன்னாய்யா இது?"

"ஐயரு குடுத்தாரு. இனிமே இது நம்ப வூட்ல இருக்கணுமாம். யாருக்கு இல்லியோ அவங்களுக்கு நீ அளந்து போடணுமாம். 'உங்க சம்சாரத்தவிட நம்பிக்கையான கை இந்த சபையில இல்ல'ன்னாரு. எல்லாரு எதிர்லயும் சொன்னாரு மாப்ள!" சின்னையன் கூடை ஓரத்தில் உட்கார்ந்து அரிசியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். "ரெட்டியாரு களத்துல சின்ன வயசுலேர்ந்து அடிக்கறேன். சாயங்காலம் கெளம்பசொல்ல வேட்டி மடிய அவுத்து ஒதறிக் காட்டிட்டுத்தான் வெளிய வரணும். எங்க நைனாவும் ஒதறினாரு, நானும் ஒதறறேன். ஒரு மணி ஒட்டிகினு இருந்தாகூட கேப்பாங்க. இன்னிக்கி ஒரு கூட அரிசியத் தூக்கித் தலைல வெச்சி, போய்ட்டு வாங்க சின்னையன் ஐயான்றாரு. ஐயான்னாரும்மே, என்னப் போயி."

மார்கரெட் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா எல்லாரும் இப்டி குந்திகினு கீறீங்க? சோத்தப் போடும்மே. மாப்ள, வெக்கப்படாம சாப்புடுங்க."

மேரி அகப்பையைக் கீழே வைத்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, தையில் பிடி பிடியாகப் போட்டு ஈடு கட்டியிருக்கலாம். மாப்பிள்ளை செத்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டான். ஆனால் அந்தக் கூடை இருக்கிற வீட்டில் அவளால் ஒரு ராத்திரி படுக்க முடியாது.

"நம்ப பானைல இருந்தது மண்ணுய்யா."

"இன்னாது?"

"மேல ஒரு கை அரிசி. கீழ மண்ணு. அரிசிய நான் எடுத்து ஒலை வெச்சிட்டேன். இத்தினி நாளா நாம துன்னதெல்லாம் அதான். எல்லம்மாகிட்ட ஒண்ணும் வாங்கல." அவள் குரல் நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "இத இங்க வெக்காத. நான் திருடி."

சின்னையன் கூடை ஓரத்தைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தான். அடிக்கட்டும் என்றுகூட மேரி காத்திருந்தாள். அவன் திரும்பி ராஜேந்திரனைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியுமா மாப்ள?"

ராஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியல" என்றான் சின்னையன்.

எழுந்தான். துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்தான். ராஜேந்திரன் கை கொடுக்க வந்ததை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, தானே கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் இன்னும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போதுதான் ஊர்வலம் மாதிரி அவனை அனுப்பி வைத்தவர்கள்.

"இன்னா அண்ணாத்த, திரும்பவும் தூக்கினு கெளம்பிட்ட?" என்று எதிர்வீட்டு வரதன் கேட்டது மேரிக்கு உள்ளே கேட்டது.

"கோயில்லயே வெச்சிட்டு வந்துடறேன்டா. என் வூடு ஒழுவுது. அரிசி நனஞ்சிடும்."

"எது, உன் வூடா? புரட்டாசில நானும் நீயுந்தான ஓல போட்டோம். அதுக்குள்ள எப்டி ஒழுவும்?"

"ஒழுவுதுடா."

அவன் பொய் சொல்லி மேரி கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டில் எல்லம்மாள் கேட்டாள். அவளுக்கும் அதையே சொன்னான். அடுத்த வீட்டில் கேட்டார்கள். அடுத்த வீட்டிலும் கேட்டார்கள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தெருமுனை திரும்பும்வரை ஒவ்வொரு வாசலிலும் நின்று, கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் வூடு ஒழுவுது, என் வூடு ஒழுவுது என்று சொல்லிக்கொண்டே போனான்.